கம்பெனி ஆள் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை விதைத் திருவிழா மேடையில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கு மட்டும் ஒரு வரி: நாட்டுக் கத்தரியில் வறட்சி தாங்குகிற செடியைப் பொறுக்கி விதை எடுக்கிறவன் நான், அதற்குத்தான் மேடையில் திட்டு விழுந்தது. "நாட்டு விதையில் எவனும் கை வைக்கக் கூடாது, வைக்கிறவன் கம்பெனி ஆள்" என்றார் பெரியவர். கைதட்டலும் விழுந்தது. அந்தக் கம்பெனி ஆள் நான்தான். சம்பளம் இன்னும் வரவில்லை.

கை வைக்காமல் எந்த நாட்டு விதை வந்தது ஐயா? எங்கள் ஆச்சி கரிசல் காட்டில் கத்தரி போட்டால், ஐப்பசி மழை ஏமாற்றிய வருஷத்திலும் துவளாமல் நிற்கிற செடியாகப் பார்த்துப் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவாள். அதில் பேரன் காய் பறித்தாலும் முதுகில் விழும். பழம் மஞ்சளாகி முற்றியதும் பிசைந்து, அலசி, சாம்பலில் புரட்டிக் காயவைப்பாள். நானும் அதைத்தான் செய்கிறேன். கூடுதலாக எந்தச் செடி எப்படி நின்றது என்று எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சும்மா விட்டால் விதை அப்படியே இருக்கும் என்கிறீர்கள். இருக்காது. பக்கத்துப் பிஞ்சையில் ஹைபிரிட் கத்தரி நின்றால் வண்டும் தேனீயும் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். கை வைக்காவிட்டால்தான் கெடும்!

"ஆராய்ச்சி நிலையம் என்றாலே விஷம்" என்று ஒரு பின்னூட்டம். தம்பி, திருவிழாச் சாம்பாரில் நீங்கள் சப்பிய முருங்கைக்காய் பிகேஎம் 1 ரகமாகவே இருந்திருக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. அதன் தாய் எங்கள் பக்கத்து எப்போதும்வென்றான் என்கிற ஊரின் நாட்டு முருங்கை. அதே பெரியகுளத்தின் பிகேஎம் 1 கத்தரி, வறட்சிக்கு அசராத புழுதிக் கத்தரியில் சடுதிமாற்றம் செய்து, அதாவது மரபணுவைத் தூண்டி மாற்றி எடுத்தது. மதுரையின் எம்டியு 1 கத்தரிக்கு மூலம் கள்ளம்பட்டிக் கத்தரி. கோவில்பட்டி கே 2 மிளகாயில் சாத்தூர் சம்பா கலந்திருக்கிறது. இவையெல்லாம் நம் ஊர் விதை இல்லையா?

"பெயர் போட்டுப் பதிந்தால் கம்பெனி அள்ளிக்கொண்டு போகும்" என்ற பயம் புரிகிறது. 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் சம்சாரி, அதாவது விவசாயியே தன் ரகத்தைப் பதிந்துகொள்ளலாம். விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்று, முருங்கை வாங்குகிற எத்தனை பேருக்கு எப்போதும்வென்றான் தெரியும்? அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதை மேடையில் பேசியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

வெயில் 35 டிகிரி தாண்டினாலே தக்காளியில் பூ பூவாகக் கொட்டுகிறது. அன்று தாங்கிய விதை இனியும் தாங்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? இந்த வெயிலில், இந்த மானாவாரி மண்ணில் போட்டு, நின்றதைப் பொறுக்கினால்தான் உண்டு. சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் வளர்த்துவிட்டு "வறட்சி தாங்கும்" என்று சீட்டு ஒட்டுவது அரசு செய்தாலும் தப்பு, நீங்கள் செய்தாலும் தப்பு. தாம்பாளத்தில் வகைவகையாகக் கத்தரியை அடுக்கி செல்ஃபி எடுத்தீர்களே, அதில் எத்தனையை இந்த வருஷம் தண்ணீர் பாய்ச்சாமல் போட்டுப் பார்த்தீர்கள்?

விவாதம் என்றால் திட்டு விழத்தான் செய்யும். ஆனால் முன்வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கைதட்டியவர்களில் இரண்டு பேர் நேற்று இன்பாக்ஸில் விதை கேட்டிருக்கிறார்கள். அனுப்புகிறேன். கூரியர் செலவு உங்களுடையது.