ஒரே ஒரு நாளைக்கு 100 கேட்டேன்

நேற்று 20-ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது ஜிஎஸ்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். காவேரிப்பட்டணத்தில் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் கட், மாதாந்திரப் பராமரிப்பு. முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிட்டார்கள், அவர்கள் மேல் கோபம் இல்லை. இன்வெர்ட்டர் வாங்கு என்று யாரும் வராதீர்கள், அது வேறு கதை. என் கோபமெல்லாம் லேப்டாப் சார்ஜுக்கு வரம்பு வைக்கிற அந்த ஆப் மேல்தான்.

வழக்கமாக 60 சதவீதத்தில் நிற்கும்படி வைத்திருப்பேன். நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கிற லேப்டாப். 100-லேயே நிறுத்தினால் லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட்டை ஒட்டியே நின்று, நம்மூர் வெக்கையும் சேர்ந்து, சீக்கிரம் செத்துப்போகும். ஆனால் முந்தின நாள் ராத்திரி மட்டும் எனக்கு 100 வேண்டும்.

பத்தரைக்கு ஆப்பைத் திறந்தேன். அப்டேட் போட்டால்தான் திறக்குமாம். போட்டேன். ரீஸ்டார்ட் கேட்டது, செய்தேன். இப்போது லாகின் கேட்கிறது. என் பேட்டரியை நான் நிரப்ப எதற்கடா லாகின்? மெயிலுக்கு ஓடிபி அனுப்பினானாம், வரவில்லை. மறுபடி கேட்டேன். 11.40-க்கு இரண்டும் சேர்ந்து வந்தன. முதலாவதைப் போட்டால் காலாவதி. இரண்டாவதைப் போட்டு உள்ளே போனால் பேட்டரி பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சரி, ஆஃப் பண்ணிச் சார்ஜில் போட்டால் ஏறிவிடும் என்று படுத்தேன். காலை 6 மணிக்குப் பார்த்தால் அதே 60. வரம்பு விண்டோஸில் இல்லை, போர்டில் இருக்கிற சின்ன கன்ட்ரோலர் சிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆஃப் பண்ணினாலும் அது விடாது.

இதே ஆப்தான் போன வருடம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு 60-ஐத் தூக்கிவிட்டு, சத்தமே இல்லாமல் 100-க்குப் போனது. மூன்று மாதம் எனக்குத் தெரியாது. டச்பேட் ஒரு ஓரம் மேலே எழும்பி, க்ளிக் அமுங்காமல் போனபிறகுதான் கிருஷ்ணகிரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினதும் பேட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. 4,500 ரூபாய் தண்டம்.

லினக்ஸில் நிறைய மாடலுக்கு ஒரு கோப்பில் 80 என்றோ 100 என்றோ எழுதினால் முடிந்தது. ஒரு எண், அவ்வளவுதான். அதற்கு இங்கே லாகினும் ஓடிபியும் வட்டமும்!

நேற்று காலை பதினொன்றரைக்கு பேட்டரி 7 சதவீதம். பதினான்கு கணக்கில் ஐந்துதான் முடிந்திருந்தது. மாங்கூழ் கம்பெனிக்காரர் போன் மேல் போன், “ஏம்மா, ஆச்சா?” சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டுக்குக் கிளம்பினேன். உச்சி வெயிலில் ஸ்டாப்பில் நின்று கை காட்டுகிறேன், டவுன் பஸ் நிற்காமல் போகிறது. காலியாகத்தான் போனது. பொம்பளைகள் மட்டும் நின்றால் நிறுத்தக் கூடாது என்று இவர்களுக்கு யார் சொன்னது?