தண்ணீர் இல்லாவிட்டால் மங்கலாகத் தெரியும் லென்ஸ்

போன ஆண்டு சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய கேமரா கடையில் ஒரு சின்ன அயோக்கியத்தனம் செய்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில், செத்துப்போன ஃபிளாஷ்களுக்கு நடுவே நிக்கானின் பழைய நிக்கோனாஸ் கேமராவுக்கான லென்ஸ் ஒன்று கிடந்தது. யூடபிள்யூ நிக்கோர் 28 எம்எம், எஃப் 3.5. இரண்டு பக்கமும் குமிழ் வைத்த, கையில் எடுத்தால் கனக்கிற சாமான். கடைக்கார அங்கிள் நான் கேட்காமலே சொன்னார், அது ஸ்பாயில் என்று. வேறு கேமராவில் மாட்டும் அடாப்டர் போட்டுப் பார்த்தாராம், எல்லாமே மங்கலாம், உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்க வேண்டுமாம். 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு 120 என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. அது தண்ணீருக்குள் மட்டும் வேலை செய்யும்படி செய்யப்பட்டது. வெளியே பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும், தெரிய வேண்டும். அதே குடும்பத்து 35, 80 எம்எம் லென்ஸ்களுக்கு முன்னால் தட்டைக் கண்ணாடி இருப்பதால் அவை கரையிலும் ஓடும். 15, 20, 28 மூன்றும் அப்படியல்ல.

வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்கு மேல் உயரமுள்ள குப்பைத்தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். அடியில் மெர்லயன் பொறித்த ஒரு வெள்ளிக் காசு ஒன்று. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸின் மூக்கை மட்டும் தண்ணீரில் வைத்தேன். (அடாப்டர் வெறும் குழாய், அதற்குள் ஒரு சொட்டுப் போனாலும் கேமரா காலி.) அதுவரை திரையில் மாவு கரைத்த மாதிரி இருந்தது, மூக்கு நனைந்த அந்த நொடியில் மெர்லயன் சிங்கத்தின் பிடரி வரைக்கும் தெரிந்தது. கத்திவிட்டேன். மனைவி ஓடி வந்து பார்த்துவிட்டு, கொசு சோதனைக்கு ஆள் வருவதற்குள் அந்தத் தண்ணீரைக் கொட்டித் தொலை என்றாள்.

இதை எங்கள் முக்குளிப்புக் குழுவில் போட்டதும் தம்பிமார்கள் சிரித்தார்கள். "அண்ணே, வினைல் ரெக்கார்டு வாங்குற கேஸா நீங்களும்?" இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காகத்தான். பழைய பொருள் மோகம் எனக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த லென்ஸ் விஷயத்தில் நடப்பது அதுவல்ல.

இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? கரையில் படம் எடுக்கச் செய்த அருமையான லென்ஸை ஒரு பெட்டிக்குள் வைத்து, முன்னால் தட்டைக் கண்ணாடியோ அரைக்கோளக் கண்ணாடியோ மாட்டிக் கடலுக்குள் கொண்டுபோகிறோம். தட்டைக் கண்ணாடி என்றால் தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைகிறது. மீன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பார்வைக் கோணம் சுருங்கும், ஓரங்களில் நிறம் பிரியும். அரைக்கோளம் கோணத்தைக் காப்பாற்றும், ஆனால் அது உண்டாக்கும் மாயப் பிம்பம் கண்ணாடிக்கு வெகு அருகிலேயே வளைந்து நிற்கும். தட்டையான சென்சாரால் அந்த வளைவை முழுக்கப் பிடிக்க முடியாது, மூலைகள் குழையும். அதைச் சரிக்கட்ட எஃப் 11, எஃப் 16 என்று துளையைச் சுருக்குகிறோம் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும், வெளிச்சமும் குறையும்).

28 எம்எம்மில் இந்தச் சிக்கலே எழவில்லை. அதை வடிவமைத்தவர்கள் முன்கண்ணாடியைத் தொடும் தண்ணீரையும் லென்ஸின் ஒரு உறுப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இதே யோசனையில் இப்போது புதிதாகச் செய்கிற திருத்தக் கண்ணாடிகளும் உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. விலையைக் கேட்டால் பல ஆயிரம் வெள்ளி.

ஜான் த வூட்டர்ஸ் என்ற பெல்ஜியக்காரர் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவுக்காக வடிவமைத்த கலிப்ஸோ என்ற நீருக்கடிக் கேமராதான் இதற்கெல்லாம் மூலம். அதை நிக்கான் எடுத்து 1963-ல் நிக்கோனாஸ் ஆக்கியது. 1984-ல் வந்த நிக்கோனாஸ் 5 தான் இந்த லென்ஸ்கள் மாட்டும் வரிசையின் கடைசி, 2001-ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் இந்த லென்ஸ்கள் அநாதைகள். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் உடலில் மாட்ட வழியில்லை, ஏனென்றால் இவை பிலிமுக்கு 28 மில்லிமீட்டர் தூரத்தில் உட்கார வேண்டியவை, அங்கே அந்தக் கண்ணாடி இடத்தை அடைத்துக்கொள்ளும். சோனி ஏ7 போல 18 மில்லிமீட்டரே போதும் என்கிற, பிலிம் அளவு சென்சார் கொண்ட மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) உடல்கள் 2013 வாக்கில் வந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது.

சரி, இதனால் நமக்கு என்ன? நம் கடலைப் பாருங்கள். மாலத்தீவில் முப்பது மீட்டர் தெரியும். நம் தென்பக்கத் தீவான புலாவ் ஹந்துவில் நல்ல நாளில் மூன்று மீட்டர். பக்கத்தில் புக்கோம் எண்ணெய் ஆலை, மேலே கப்பல்கள், அடியில் எப்போதும் கிளம்பிக்கொண்டிருக்கும் சேறு. அந்த மங்கலில் எஃப் 11 வைத்தால் ஃபிளாஷ் போட்டே ஆக வேண்டும். ஃபிளாஷ் போட்டால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். ஹந்துவில் படம் எடுத்த எல்லாருக்கும் அந்தப் "பனி" தெரியும். எஃப் 4-லேயே மூலை வரை கூர்மை கிடைத்தால், ஃபிளாஷை அணைத்துவிட்டு இருக்கிற பச்சை வெளிச்சத்திலேயே எடுத்துவிடலாம். எனக்கு இந்த லென்ஸ் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

துவாஸில் லேத் பட்டறையில் இருக்கும் நண்பர், என் பழைய பெட்டியின் முன்பக்கத்துக்கு ஒரு அலுமினிய வளையம் கடைந்து கொடுத்தார். லென்ஸின் மூக்கும் குமிழ்களும் வெளியே தண்ணீரில், பின்பக்கம் பெட்டிக்குள். முதல் முறை கேமரா இல்லாமல் டிஷ்யூ தாள் மட்டும் வைத்து இறக்கினேன். மேலே வந்தபோது தாள் சொதசொதவென்று நனைந்திருந்தது. தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மேல் ஒரு முடி. என் தாடி முடி. அன்றிலிருந்து அதற்குக் கிரீஸ் தடவும் நாளில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறேன், வீட்டில் அதற்கும் சிரிப்பு.

குறை இல்லாமல் இல்லை. ஆட்டோஃபோகஸ் கிடையாது. 60 சென்டிமீட்டருக்கு உள்ளே வராது, ஆகவே நூடிபிராங்க் (ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை) பிரியர்கள் இதைத் தொட வேண்டாம். எந்த எஃப்-ல் எடுத்தோம் என்பது படத்தில் பதிவாகாது, நானே நினைவில் வைக்க வேண்டும், வைப்பதில்லை. எல்லாரும் ஆசைப்படும் 15 எம்எம் டிஜிட்டலில் மூலைகளில் கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். அதன் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் நின்று ஒளியைச் சாய்த்து அனுப்புகிறது. பிலிம் அதைப் பொறுத்துக்கொண்டது, சென்சார் அவ்வளவாகப் பொறுக்காது. அப்புறம் நம் ஊர் ஈரம். டிரை கேபினட் (ஈரம் நீக்கும் அலமாரி) இல்லாத வீட்டில் இந்த லென்ஸ்களுக்குப் பூஞ்சை நிச்சயம். 35 எம்எம்மை வாங்கி மழையில் தெருப்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: லென்ஸ்தான் நனையலாம், உங்கள் கேமரா அல்ல.

போன ஞாயிறு ஹந்துவில் ஒரு கடற்சாமந்தியும் அதற்குள் ஒரு தக்காளிக் கோமாளி மீனும். எஃப் 4, ஃபிளாஷ் இல்லை. பின்னால் பச்சை மங்கல், அதில் என் கூட்டாளியின் துடுப்புக்கால் நிழல் மட்டும். மூலையில் இருந்த பவளத்தின் முனைகளைக்கூட எண்ணலாம். குழுவில் போட்டேன். வினைல் தம்பி முதலில் கேட்டது, "அண்ணே, எந்தக் கடை?"

சொல்லவில்லை. முதலில் நான் போக வேண்டும். அச்சடித்த படத்தோடு போய் அங்கிளிடம் உண்மையைச் சொல்லி மீதி 130 வெள்ளியை நீட்டுவதாக இருக்கிறேன். ஆனால் நேற்று அந்தப் பக்கம் போனபோது கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். கீழ்த்தட்டில் ஒரு 15 எம்எம், சீட்டில் சிவப்பு மையில் "ஸ்பாயில்" என்று எழுதியிருக்கிறது.