கலர் கோட் நம்பர் மட்டும் போதாது

"பைக் கம்பெனியின் கலர் கோட் நம்பரை (நிறக் குறியீட்டு எண்) சொல்லி பெயிண்ட் வாங்கி அடித்தால் பெட்ரோல் டேங்கோடு அச்சு அசலாகப் பொருந்தும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி புது மட்கார்டில் நேராக அடித்துவிடாதீர்கள். அந்த நம்பர் வண்டி புதிதாக இருந்தபோதைய நிறத்துக்கானது. வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற டேங்க் வெளுத்திருக்கும், சிவப்பு என்றால் இன்னும் அதிகமாக.

மினுமினுக்கும் மெட்டாலிக் பெயிண்டில்தான் பெரிய சிக்கல். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றன என்பதைப் பொறுத்தே நிறம் தெரியும். ஒரே டப்பா பெயிண்ட்தான். ஈரமாகக் கனத்து அடித்தால் இருண்டு தெரியும், உலர்வாக அடித்தால் வெளிறித் தெரியும். கேண்டி வகையில் (மினுக்கும் அடிப்பூச்சின் மேல் ஒளிபுகும் நிறப்பூச்சு) அடிப்பூச்சின் நிறமும், மேலே எத்தனை பூச்சு என்பதும்கூட நிறத்தை மாற்றிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? டேங்கை பாலிஷ் செய்துவிட்டு, ஒரு துண்டுத் தகட்டில் அடித்து, நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டும் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளியர் போடாமல் ஒப்பிட்டால் கட்டாயம் ஏமாற்றும். பல கோணங்களிலிருந்து பாருங்கள். நேரே பொருந்துவது சாய்வில் பொருந்தாமல் போகலாம்.

அப்புறம், பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் பாகமென்றால் அதற்கான அட்ஹீஷன் பிரமோட்டரை (பெயிண்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் பூச்சு) முதலில் அடியுங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் தோல்போல உரியும்.