ஹென் நா ஹோட்டலில் ஆளே இல்லை என்பது தவறு

"ஜப்பானின் ஹென் நா ஹோட்டலை ரோபோக்களே நடத்துகின்றன, இனி ரிசப்ஷன் வேலையே கிடைக்காது" என்று சொல்வது பாதிக் கதை. 2015-ல் நாகசாகியில் ஹுயிஸ் டென் போஸ் தீம் பார்க்கில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள், சரி. ஆனால் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் நிறுத்திவிட்டதாக 2019 ஜனவரியிலேயே செய்தி வந்துவிட்டது. அறையில் இருந்த பொம்மை ரோபோ, தூங்குகிறவரின் குறட்டையை ஏதோ கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, திரும்பச் சொல்லுங்கள் என்று ராத்திரி முழுக்க எழுப்பியிருக்கிறது. வரவேற்பில் நின்ற டைனோசர் உருவ ரோபோக்களுக்குப் பாஸ்போர்ட் நகல் எடுக்கத் தெரியாததால் அதையும் ஊழியர்தான் வந்து செய்ய வேண்டியிருந்தது. பெட்டி தூக்கும் ரோபோக்களால் பெரும்பாலான அறைகளுக்குப் போகவே முடியவில்லை. வேலை குறைந்ததா? இதையெல்லாம் சமாளிக்க ஊழியர்களுக்குக் கூடுதல் வேலைதான் சேர்ந்தது. செக்-இன் இயந்திரங்களால் சில வேலைகள் போவது உண்மை, எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதற்காக ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிற பிள்ளைகளை இந்த உதாரணத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.