மூன்றாவது பாட்டி

(அரசு உயர்நிலைப் பள்ளி. தலைமை ஆசிரியர் அறை. ஜூலை மாதம்.)

கணக்கு ஆசிரியர்: மேடம், நாளைக்கு ஒரு சி.எல். (தற்செயல் விடுப்பு) வேண்டும். பாட்டி தவறிவிட்டார்.

தலைமை ஆசிரியை: அடடா! (பதிவேட்டைப் புரட்டுகிறார்) சார், ஜனவரியில் ஒரு பாட்டி, மார்ச்சில் ஒரு பாட்டி. இது?

ஆசிரியர்: தாத்தாவுக்கு இரண்டு சம்சாரம், மேடம்.

த.ஆ.: வருஷத்துக்கு 12 சி.எல். இருக்கிறது என்று 12 பாட்டிக்குத் திட்டம் போட்டுவிட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்: மகள் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். கணக்கில் 35 கூட வாங்கவில்லை.

த.ஆ.: கணக்கு வாத்தியார் மகளா!

ஆசிரியர்: இதற்குத்தான் பாட்டியைச் சொன்னேன்.

த.ஆ.: நேராகவே கேட்டிருக்கலாமே?

ஆசிரியர்: முன்பு இருந்த சாரிடம், பையனுக்குக் காதுகுத்து என்று உண்மையைச் சொன்னேன். ‘சி.எல். உரிமை இல்லை, சலுகை’ என்று திருப்பிவிட்டார். சாவு என்றால் மட்டும் உடனே கையெழுத்து. அதிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் யார் வீட்டுப் பெரியவருக்கும் ஆயுள் கெட்டியில்லை.

த.ஆ.: நான் அப்படியில்லை. உங்களையெல்லாம் நம்புகிறேன்.

ஆசிரியர்: சரி மேடம். அப்புறம் ஏன் தினமும் ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தை ஒட்டி நிற்கிறீர்கள்?

த.ஆ.: அது... தெரியுமா?

ஆசிரியர்: கடைசி பெஞ்ச் பையன் இருமுவான். ஒரு இருமல் என்றால் நீங்கள், இரண்டு என்றால் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்). உடனே நான், ‘அருமையான கேள்வி, தம்பி’ என்பேன். அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

த.ஆ.: ஐயோ, ‘மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேனே!

ஆசிரியர்: போன வாரம் அவனுக்கு நிஜமாகவே சளி. பீரியட் முழுக்க அருமையான கேள்விதான்.

த.ஆ.: (சிரிப்பை அடக்கி) சரி, இனி வேப்பமரம் கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறேன். குறை இருந்தால் இந்த அறையில்தான் பேச்சு. பிள்ளைகள் முன்னால் இல்லை, மெமோவும் இல்லை.

ஆசிரியர்: அப்படியென்றால் நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் என் கையில் சரியாக வரமாட்டேன் என்கிறது.

த.ஆ.: நானும் கணக்குதான் சார். வியாழக்கிழமை வருகிறேன், சேர்ந்து நடத்துவோம். (விண்ணப்பத்தில் ‘பாட்டி’யை அடித்துவிட்டு ‘மகள்’ என்று திருத்திக் கையெழுத்திடுகிறார். செல்போன் அடிக்கிறது.) வணக்கம் ஐயா! ஆமாம், டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) ஆபீசுக்கு லீவு லெட்டர் அனுப்பியிருந்தேன். காரணமா... பாட்டி, ஐயா.

ஆசிரியர்: மேடம்!

த.ஆ.: (போனைப் பொத்திக்கொண்டு) எங்கள் தாத்தாவுக்கும் இரண்டு சம்சாரம், சார்.