ராஜநாகத்தைப் பார்க்காமல் திரும்பியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை

அகும்பே போய் வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "ராஜநாகம் பார்த்தீங்களா?" இல்லை என்றதும் முகம் சப்பென்று ஆகிவிடுகிறது. எதிர்வீட்டு அண்ணன், "அவ்ளோ தூரம் லீவு போட்டுப் போயி ஒரு பாம்பைக்கூட பாக்காம வந்தியாப்பா?" என்று எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றுகிறது. மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையங்களுக்குச் சுற்றுலாவாகப் போகும் ஆசை இப்போது நம் பக்கத்து இளைஞர்களிடமும் வந்திருக்கிறது. போகட்டும், ரொம்ப நல்லது. ஆனால் "விலங்கைக் காட்டு" என்று கேட்பதற்காகப் போவதென்றால் போகாமல் இருப்பதே அந்தக் காட்டுக்குச் செய்யும் உதவி.

அகும்பே கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், தீர்த்தஹள்ளி தாலுகாவில் இருக்கிற சின்ன ஊர். காட்பாடியில் ரயில் ஏறி பெங்களூரு, அங்கிருந்து சிவமொக்கா, அப்புறம் பஸ். ஆண்டுக்குச் சராசரியாக 7000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடம். நம் வேலூருக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பதே 1000 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அங்கே ஜூலை மாதத்தில் மட்டுமே அதைத் தாண்டிவிடும். சென்னையில் பாம்புப் பண்ணையையும் மாமல்லபுரம் போகிற வழியில் முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர், 1971-ல் இந்த ஊர்ப் பக்கம்தான் ராஜநாகத்தை முதலில் கண்டார். பிறகு 2005-ல் இயற்கைப் பாதுகாப்புக்காக அவருக்குக் கிடைத்த விட்லி விருதும் கைகொடுக்க, அகும்பே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் உருவானது. 2008-ல் ராஜநாகத்தின் உடலுக்குள் சின்ன ரேடியோ கருவியைப் பொருத்தி, அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்க் கவனிக்கும் வேலையை இந்தியாவிலேயே முதலில் இங்கேதான் தொடங்கினார்கள்.

நான் போனது ஆடி மாதம். இங்கே ஆடிக்காற்று பாலாற்று மணலை அள்ளித் தெருவில் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே துவைத்த துணி எதுவும் காயவில்லை. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்க வேண்டியிருந்தது. அட்டை கடிக்கும், அதற்குத் தனி காலுறை உண்டு, அப்படியும் கடிக்கும். பழகிவிடுகிறது.

நான் பார்த்தது வேலையைத்தான். காலையில் ஒரே நேரத்தில் ஒருவர் போய் மழைமானியைப் பார்த்து எழுதுகிறார். எழுதுவது பென்சிலில், ஏனென்றால் பேனா மை அந்த ஈரத்தில் கரைந்துவிடும். இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடை ஓரமாக நடக்கிறார்கள். மலபார் பறக்கும் தவளை, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளில் நுரையால் கூடு கட்டி முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைகள் அங்கிருந்து நேராகத் தண்ணீரில் விழுகின்றன. அந்தக் கூடுகளை ஓர் இளம்பெண் தினமும் எண்ணிக்கொண்டிருந்தார். அதே ஓடை, அதே மரங்கள். "நேத்து இருந்ததுதான் இன்னிக்கும் இருக்கு, எழுதணுமா?" என்று கேட்டேன். "மாறலைங்கறதையும் எழுதணும் சார், இல்லன்னா என்னிக்கு மாறுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார். கோயம்புத்தூர்ப் பொண்ணு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்; மழைக்காலம் முடிகிற வரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார். அந்த உறுதியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகள் செய்கிற வேலையை நேரில் பார்ப்பதற்காக மட்டுமே அவ்வளவு தூரம் போகலாம்.

ராஜநாகத்தைப் பற்றி நாம் கேள்விப்பட்ட அதிசயங்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தப் பொறுமைதான் இருக்கிறது. இலைகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடும் பாம்பு உலகத்திலேயே இது ஒன்றுதான். கோடையில் பெண் பாம்பு உடம்பால் இலைகளை இழுத்து மேடு போல் சேர்த்து, உள்ளே முட்டைகளை வைத்துக் காவல் இருக்கிறது. பாக்குத் தோட்டத்துக்குள்ளேயே கூடு கட்டிவிட்டால், நிலையத்து ஆட்கள் அந்த விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குஞ்சு பொரிக்கும்வரை கூட்டைத் தொடாமல் இருக்கச் சொல்லிப் பேசுகிறார்கள். பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று போன் வந்தாலும் முதல் வேலை கூடியிருப்பவர்களை அமைதிப்படுத்துவதுதான். தானாகப் போகிற பாம்பு என்றால் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். பிடித்தே ஆகவேண்டும் என்றால்தான் பிடிக்கிறார்கள், பக்கத்திலேயே விடுகிறார்கள்.

ஏன் பக்கத்திலேயே? இது வேலூர்க்காரர்களாகிய நமக்கு ரொம்ப முக்கியமான விஷயம். ரேடியோ பொருத்திக் கவனித்தபோது, வேறு இடத்தில் கொண்டுபோய் விடப்பட்ட ராஜநாகம் தன் இடத்திலேயே இருந்த பாம்பைவிட மிக அதிகத் தூரம் அலைந்தது தெரியவந்தது. தெரியாத இடத்தில் ஒளியவும் இரை தேடவும் வழி தெரியாமல் அலைகிற பாம்பு ரோட்டைக் கடக்கும், வேறொரு வீட்டுக்குள் நுழையும். இங்கே சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ வீட்டில் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்கிறோம். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடிக்கிறார்கள். அப்புறம் "எங்கேயாவது தூரமாக் காட்டுல விட்டுடுங்க சார்" என்று கேட்பது நாம்தான். ராஜநாகம் வேறு, நம் ஊர்ச் சாரைப்பாம்பும் நல்லபாம்பும் வேறு என்பது சரி. ஆனாலும் தூரத்தில் விட்டால் பாம்புக்கும் நல்லது நமக்கும் நல்லது என்ற நம்பிக்கையை இந்தப் பக்கத்துப் பாம்புகளை வைத்து யாராவது சோதித்துப் பார்க்க வேண்டாமா? மழைக்காட்டில் கிடைத்த ஒரு விவரம் நம் தெருவில் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அகும்பேவிலிருந்து நான் கொண்டுவந்ததில் பெரிய விஷயம் இதுதான்.

இப்போது காட்டச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் வருகிறேன். நான் அங்கிருந்தபோது ஊருக்குள் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். நம் ஆட்களும் இருந்தார்கள், பேச்சிலேயே தெரிந்தது. ராஜநாகம் காட்டுவதாக யாரோ பணம் வாங்கியிருக்கிறார்கள். காட்டவில்லை என்று டீக்கடையில் பெரிய சண்டை. இதில் எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரியவில்லை. அனுமதி இல்லாமல் ராஜநாகத்தைப் பிடிப்பது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பிடித்த பாம்பைப் பாறை மேல் விட்டு, படம் எடுக்க வைத்து, நாம் செல்போனில் படம் எடுப்பதைக் காட்டைப் பார்ப்பது என்று சொல்ல முடியுமா? அப்புறம் ஆபத்து. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாராவது. ராஜநாகம் அதில் இல்லை.

அந்த நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர்கள். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978-லிருந்து அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அதைத் தொடங்கத் துணை நின்றவர் அதே விட்டேக்கர்தான். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்ட மக்கள் நம் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கமும் ஏரிக்கரைகளில் பட்டா இல்லாமல், சாதிச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டு இருக்கிறார்கள். பாம்பைத் தேடிக் கர்நாடகம் வரை போகிற நாம் அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா?

நமக்குப் பழக்கமான ஓர் இடம் இருக்கிறது. காவலூர் வைனு பாப்பு வானாய்வகம். ஜவ்வாது மலையில், இப்போதைய திருப்பத்தூர் மாவட்டத்தில். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதைக் காட்டிய கவனிப்புகளில் காவலூரின் பங்கும் உண்டு. 1986-லிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பொதுமக்களை விடுவார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறோம். மேகம் மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது; யாரும் சண்டை போடுவதில்லை. விஞ்ஞானிகளின் வேலை நேரத்தில் யாரும் குறுக்கே போவதில்லை. வானத்துக்குக் கொடுக்கிற அந்த மரியாதையைக் காட்டுக்கும் கொடுக்க நம் சனங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. அப்படிப் பழகுவதற்கு நம் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் ஜவ்வாது மலையில் ஒரு கானக ஆய்வு நிலையம் வேண்டும் என்கிறேன். "அது மழைக்காடு இல்லையே, வறண்ட காடுதானே" என்பார்கள். முதுமலையில் 1988-ல் இந்திய அறிவியல் கழகத்தினர் 50 ஹெக்டேர் காட்டைக் குறித்து, அதில் விரல் பருமனுள்ள மரம் வரைக்கும் எண் போட்டு இன்றுவரை அளந்து வருகிறார்கள். அதுவும் இலை உதிர்க்கிற வறண்ட காடுதான். மழை குறைந்தால் எந்த மரம் சாகிறது, தீ வந்தால் எது பிழைக்கிறது என்பதை அப்படி அளந்தால்தான் சொல்ல முடியும். செய்யாறு பிறக்கிற மலை நம்முடையது. சந்தன மரங்களை வெட்டிக் கடத்தியே காலியாக்கிய மலையும் அதுதான். மிச்சம் இருப்பது என்ன, திரும்ப வருவது என்ன என்று யாராவது வருஷா வருஷம் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு அந்த மலையிலேயே வாழ்கிற மலையாளிப் பழங்குடி இளைஞர்களைச் சம்பளத்துக்கு வைக்கட்டும். இப்போது அவர்களில் பலர் மலையிறங்கிக் கூலி வேலைக்குத்தான் போகிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு அறை போதும். சாமைச் சோறு போடட்டும், கொடுக்கிற பணம் அந்தச் சம்பளத்துக்குப் போகட்டும். சொகுசு விடுதி கட்டுகிற திட்டமாக இது மாறினால் நானே எதிர்த்து எழுதுவேன்.

அகும்பேவோ வேறு எந்த நிலையமோ போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இடமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர்கள் எழுதுவதைக் கூட இருந்து பாருங்கள், கேட்டால் மழைமானியை உங்களையே பார்க்கச் சொல்வார்கள்.

நிலையம் வருகிறபோது வரட்டும். அதற்குமுன் மழைக்கணக்கையாவது தொடங்கிவிட முடியும். ஜமுனாமரத்தூர், அமிர்தி பக்கத்துப் பள்ளிகளில் வேலை செய்கிற ஆசிரிய நண்பர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். மழைமானி வாங்கித் தர நாங்கள் சில பேர் தயாராக இருக்கிறோம். ஐப்பசிக்குள் வைத்துவிட்டால் பிள்ளைகள் இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையிலேயே எழுத ஆரம்பித்துவிடலாம்.