விருது யாருக்குன்னு மட்டும் கேக்கறோம், எப்ப போய்ச் சேந்துச்சுன்னு கேக்கறதில்ல

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வந்தா நோபல் அமைதிப் பரிசு யாருக்குன்னு ஒரு வாரம் பேசறோம், பேர் வந்ததும் "இவங்களுக்கா?"ன்னு ரெண்டு நாள் சண்ட போடறோம், அப்பறம் அடுத்த அக்டோபர் வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பறதில்ல. 2025ல அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு அமெரிக்க அதிபர் தனக்கு வேணும்னு வெளிப்படையா கேட்டதச் சுத்தியே ஓடுச்சு. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அவருக்குத் தகுதி இருக்கா இல்லையாங்கறது தனி விவாதம், நான் அதுக்குள்ள போகல. ராணுவம், உளவுத்துற, மைக்கு, கேமரான்னு எல்லாமே கையில இருக்கற ஒருத்தருக்கு இந்தப் பரிசால புதுசா என்ன கெடச்சிடப் போகுது? அதே பரிசு ஒரு ஜெயில் அறையில தனியா ஒக்காந்திருக்கற ஆளுக்குப் போச்சுன்னா அது அவர் உயிரயே காப்பாத்தலாம். இந்த வித்தியாசத்தப் பத்திதான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

1895 நவம்பர்ல ஆல்ஃபிரெட் நோபல் கையெழுத்துப் போட்ட உயில்ல அமைதிப் பரிசு எதுக்குன்னு தெளிவா இருக்கு. நாடுகளுக்கு நடுவுல சகோதரத்துவம் வளக்கறவங்களுக்கு, நிரந்தர ராணுவங்கள ஒழிக்கவோ கொறைக்கவோ பாடுபடறவங்களுக்கு, அமைதி மாநாடுகள நடத்தறவங்களுக்கு. அதாவது ஆயுதக் கொறைப்புங்கறது பின்னாடி சேத்த வெசயமில்ல, ஆரம்பத்துலருந்தே அதுதான் மையம். அதனாலதான் இதப் பத்தி யாராவது கேட்டா நான் மொதல்ல சொல்ற பேரு கார்ல் வான் ஒஸியெட்ஸ்கி.

இவரு ஒரு ஜெர்மன் பத்திரிக ஆசிரியர். மொதல் உலகப் போருக்கு அப்பறம் போட்ட ஒப்பந்தத்த மீறி ஜெர்மனி ரகசியமா விமானப்படைய வளத்துட்டு இருக்குன்னு 1929ல இவரோட பத்திரிகையில ஒரு கட்டுர வந்துச்சு. அதுக்காக 1931ல தேசத்துரோகம்னு சொல்லி பதினெட்டு மாசம் தண்டன. வெளிய வந்த கொஞ்ச நாள்லயே ஹிட்லர் ஆட்சி. 1933 பிப்ரவரில நாடாளுமன்றக் கட்டடம் எரிஞ்ச ராத்திரி இவரப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. வதைமுகாம். 1935ல செஞ்சிலுவைச் சங்கத்துலருந்து ஒருத்தர் எஸ்டர்வேகன் முகாமுக்குப் போய் இவரப் பாத்தாரு. கண்ணு வீங்கி, பல்லு ஒடஞ்சு, ஒடஞ்ச காலு சரியா கூடாம இழுத்து இழுத்து நடக்கற, நடுங்கிட்டே இருக்கற ஒரு உருவத்தப் பாத்தேன்னு அவர் பின்னாடி எழுதி வச்சிருக்காரு.

இவருக்கு நோபல் குடுக்கணும்னு நாட்ட விட்டுத் தப்பிச்சுப் போன ஜெர்மன்காரங்க பெரிய இயக்கமே நடத்துனாங்க. ஐன்ஸ்டீன் ஆதரிச்சாரு, எழுத்தாளர் தாமஸ் மன் ஆதரிச்சாரு. நார்வேல அகதியா இருந்த வில்லி பிராண்ட்டுன்னு ஒரு இளைஞரும் ஓடியாடி வேல செஞ்சாரு. (அந்த இளைஞர்தான் பின்னாடி மேற்கு ஜெர்மனியோட சான்ஸலர் ஆனாரு, 1971ல அவருக்கே இந்தப் பரிசு கெடச்சுது.) அமைதிப் பரிசு யாருக்குன்னு முடிவு பண்ற கமிட்டி நார்வேல ஓஸ்லோலதான் இருக்கு, நார்வே அரசுக்கு ஜெர்மனிய நெனச்சு பயம். வெளியுறவு மந்திரி கமிட்டிலயே ஒரு உறுப்பினர், அவர் இந்த முடிவுலருந்து வெலகிக்கிட்டாரு. 1936 நவம்பர்ல, அதுக்கு முந்தின வருஷத்துப் பரிசுன்னு சொல்லி, ஒஸியெட்ஸ்கிக்கு அறிவிச்சாங்க.

வேணாம்னு சொல்லுன்னு ஹிட்லரோட மந்திரி கோரிங் அவர நெருக்குனாரு. காசநோயோட ஆஸ்பத்திரியில போலீஸ் காவல்ல கெடந்த மனுஷன் மாட்டேன்னுட்டாரு. ஓஸ்லோவுக்குப் போக விடல. இனிமே எந்த ஜெர்மானியரும் எந்த நோபல் பரிசையும் வாங்கக் கூடாதுன்னு ஹிட்லர் உத்தரவே போட்டாரு. 1938 மே மாசம் அதே காவல்ல ஒஸியெட்ஸ்கி செத்துப் போனாரு. சரி, அப்ப அந்தப் பரிசு தோத்துடுச்சா? நான் அப்படி நெனைக்கல. அந்த இயக்கத்தோட அழுத்தத்துலதான் அவர முகாம்லருந்து ஆஸ்பத்திரிக்கே மாத்துனாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்ச ஒரு ஆட்சி, ஒரே ஒரு கைதியப் பத்தி உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நெலமைக்கு வந்துச்சு. ஒரு விருதால செய்ய முடியற அதிகபட்ச காரியம் இதுதான்னு நெனைக்கிறேன், ஆனா இது சின்ன காரியம் இல்ல.

ஆனா நோபல் இப்படி ஆபத்துக்கு நடுவுல போய் நின்னது கம்மி, பெரும்பாலும் லேட்டாதான் வருது. நெல்சன் மண்டேலாவ எடுத்துக்கங்க. ஐரோப்பிய நாடாளுமன்றம் சாகரோவ் பரிச ஆரம்பிச்சு 1988ல மொதல் தடவ குடுத்தப்ப, அவருக்கும் சோவியத் ஜெயில்ல செத்துப்போன அனத்தோலி மார்ச்சென்கோவுக்கும் சேத்துக் குடுத்தாங்க. அப்ப மண்டேலா ஜெயில்ல இருந்தாரு. நோபல் வந்தது 1993ல, அவர் வெளிய வந்து மூணு வருஷம் கழிச்சு, அதுவும் அதிபர் டி கிளர்க்கோட பங்கு போட்டு. கென்யாவுல மரம் நடற இயக்கம் நடத்துன வங்காரி மாத்தாய்க்கு ஸ்வீடன்லருந்து தர்ற ரைட் லைவ்லிஹுட் விருது 1984லயே கெடச்சுது, நோபல் 2004ல. நடுவுல இருபது வருஷம். அந்த இருபது வருஷத்துலதான் நைரோபில பூங்கா நெலத்துல கட்டப் பாத்த பெரிய கட்டடத்த எதுத்து நின்னாங்க, 1992ல போலீஸ் அடிச்சு நெனவு தப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. எப்ப அவங்களுக்கு ஒரு பாதுகாப்பு தேவைப்பட்டுச்சு? 2004லயா?

போர்ல பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு வைத்தியம் பாக்கற காங்கோ டாக்டர் டெனிஸ் முக்வேகே கதையும் இதேதான். 2012ல வீட்டுக்குள்ள பூந்து அவரக் கொல்லப் பாத்தாங்க. அடுத்த வருஷமே ரைட் லைவ்லிஹுட், 2014ல சாகரோவ், கடைசியா 2018ல நோபல். பெலாரஸ்ல மனித உரிமைக்காகப் போராடுன அலெஸ் பியாலியாட்ஸ்கிக்கும் 2020ல ரைட் லைவ்லிஹுட் வந்த பிறகுதான் 2022ல நோபல்.

இந்த ரைட் லைவ்லிஹுட் எப்படி வந்துச்சுங்கறதச் சொல்லியே ஆகணும். யாக்கோப் வான் உக்ஸ்குல்னு ஒருத்தர், தபால் தலைகள வச்சு வியாபாரம் பண்ணவரு. சுற்றுச்சூழலுக்கும் ஏழ்மைக்கும் புதுப் பரிசு சேருங்கன்னு நோபல் அறக்கட்டளையப் போய்க் கேட்டாரு, முடியாதுன்னுட்டாங்க. தன்கிட்ட இருந்த தபால் தலைகள வித்து 1980ல தானே ஆரம்பிச்சிட்டாரு. அந்த விருது 1987ல மொர்தெகாய் வனுனுவுக்குப் போச்சு. இஸ்ரேலோட டிமோனா அணு உலையில டெக்னீஷியனா வேல பாத்தவரு, அங்க ரகசியமா என்ன தயாராகுதுன்னு 1986ல ஒரு லண்டன் பத்திரிகைக்கு போட்டோவோட சொன்னாரு. ஆசகாட்டி ரோமுக்கு வரவச்சு, அங்கருந்து கடத்திட்டுப் போய்ப் பதினெட்டு வருஷம் உள்ள போட்டாங்க, அதுல பதினோரு வருஷத்துக்கு மேல தனிமைச் சிறை. 2004ல விட்டாங்க, ஆனா நாட்ட விட்டு வெளிய போக விடல. ஆயுதக் கொறைப்புக்காக ஒரு தனி மனுஷன் இதவிட அதிகமா என்ன குடுக்க முடியும்னு எனக்குத் தெரியல. நோபல் கமிட்டி இவருக்கு ஒரு வருஷம் கூட குடுத்ததில்ல.

இதெல்லாம் மேற்கு நாடுகளோட அரசியல், அவங்களுக்குப் புடிக்காத நாட்டுல இருக்கற எதிர்ப்பாளருக்குத்தான் குடுப்பாங்கன்னு ஒரு வாதம் வரும். சாகரோவ் பரிசு வாங்குனவங்க பட்டியலப் பாத்தா அதுல ஒரளவு உண்ம இருக்குன்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக எல்லாத்தையும் ஒரேயடியா தள்ளிடறது ஞாயமில்ல. வனுனு, அமெரிக்க அரசோட ரகசியங்கள வெளிய சொன்ன எட்வர்ட் ஸ்னோடன், டேனியல் எல்ஸ்பெர்க் எல்லாம் ரைட் லைவ்லிஹுட் வாங்குனவங்கதான். இன்னொரு பேரு மனித உரிமைக்காகக் கொரல் குடுத்த அகமது மன்சூர். ஜெனீவால பத்து மனித உரிம அமைப்புகள் சேந்து குடுக்கற மார்ட்டின் என்னல்ஸ் விருது 2015ல இவருக்குக் கெடச்சுது. ஐக்கிய அரபு அமீரகத்துக்காரரு, அதாவது மேற்கு நாடுகளோட நெருங்கின சிநேகித நாடு. பயணத்தட இருந்ததால விருது வாங்க ஜெனீவாவுக்கே போக முடியல.

அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல அவர் ஐஃபோனுக்கு ஒரு மெசேஜ் வருது. ஜெயில்ல நடக்கற சித்திரவதையப் பத்தி புது ரகசியங்கள், இந்த லிங்க்கத் தொடுங்கன்னு. அவர் தொடல. டொராண்டோல இருக்கற சிட்டிஸன் லேப் ஆராய்ச்சியாளர்களுக்கு அப்படியே அனுப்பி வச்சாரு. தொட்டிருந்தா ஃபோன் மொத்தமும், மைக்கு கேமரா உட்பட, இன்னொருத்தர் கைக்குப் போயிருக்கும். பெகாசஸ்னு ஒரு உளவு மென்பொருளப் பத்தி இன்னிக்கு நாம எல்லாரும் பேசறோமே, அது ஐஃபோனுக்குள்ள எப்படி நுழையுதுன்னு உலகத்துக்குத் தெரிய வந்தது அந்த ஒரு மெசேஜாலதான். ஆப்பிள் கம்பெனி அவசரமா அப்டேட் விட்டுச்சு. கோடிக்கணக்கான பேரோட ஃபோனுக்குப் பாதுகாப்பு குடுத்த ஆளு, 2017 மார்ச்ல வீட்லருந்து கைதானாரு. 2018ல பத்து வருஷம் தண்டன. 2024ல கூட்டு வழக்கு ஒண்ணுல இன்னும் பதினஞ்சு வருஷம். அந்த அப்டேட்டப் போட்ட நம்மள்ல எத்தன பேருக்கு அவர் பேர் தெரியும்?

விருது ஜெயில் கதவத் தொறக்காது, அது எனக்கும் தெரியும். சில நேரம் அதுக்கான வெலைய குடும்பம்தான் குடுக்குது. 2010ல சீன ஜெயில்ல இருந்த எழுத்தாளர் லியு ஷியாவ்போவுக்கு நோபல் அறிவிச்ச உடனே அவர் மனைவி லியு ஷியாவ வீட்டுக்காவல்ல வச்சாங்க, ஒரு வழக்கு கூட இல்லாம 2018 வரைக்கும். ஓஸ்லோ மேடைல காலி நாற்காலில பதக்கத்த வச்சாங்க, சீனா நார்வேயோட ஆறு வருஷம் பேச்சுவார்த்தயவே நிறுத்தி வச்சுது. 2017 ஜூலைல அவர் கைதியாவே கல்லீரல் புற்றுநோய்ல போயிட்டாரு. அதனால குடுக்கறவங்க "குடுத்தாச்சு"ன்னு கைய ஒதறிட்டுப் போகக் கூடாதுன்னு நான் சொல்றேன். குடுத்த அன்னிக்கு ஆரம்பிக்கற பொறுப்பு அது.

சரியான நேரத்துல போனா என்ன ஆகும்னு பாக்கணுமா, இந்தோனேசியா புடிச்சு வச்சிருந்த கிழக்கு திமோர். 1991ல தலைநகர் டிலில சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துல இந்தோனேசிய ராணுவம் ஊர்வலத்து மேல சுட்டுச்சு, அந்தப் படம் வெளிய வந்தப்பகூட பெரிய நாடுகள் இந்தோனேசியாவோட ஒறவ விடல. 1996ல அந்த மக்களுக்காகக் கொரல் குடுத்த பிஷப் பெலோவுக்கும் ஜோஸே ராமோஸ் ஹோர்டாவுக்கும் நோபல். இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ அப்பவும் பதவில இருந்தாரு, தீவு மேல ராணுவப் புடி இருந்துச்சு, யாரும் விடுதல வரும்னு நம்பல. 1998ல சுஹார்த்தோ விழுந்தாரு, 1999 ஆகஸ்ட்ல வாக்கெடுப்பு, 78 சதவீதத்துக்கு மேல விடுதலைக்கு ஓட்டு, 2002ல தனி நாடு. பரிசு மட்டுமே காரணம்னு சொல்லல, ஆனா அதுக்கப்பறம் எந்தத் தலைநகரத்துலயும் ராமோஸ் ஹோர்டாவுக்குக் கதவச் சாத்த முடியல.

ஆட்சில இருக்கறவங்களுக்குக் குடுத்தது பெரும்பாலும் எப்படி முடிஞ்சுதுன்னும் பாத்திருக்கோம். 1973ல வியட்நாம் போர்நிறுத்தத்துக்காக அமெரிக்க வெளியுறவு மந்திரி கிஸ்ஸிங்கருக்குக் குடுத்தாங்க, கூட அறிவிச்ச வட வியட்நாம் தலைவர் லி டக் தோ அமைதி இன்னும் வரலன்னு சொல்லி வாங்க மறுத்தாரு, கமிட்டில ரெண்டு பேரு ராஜினாமா. 2019ல எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது, அடுத்த வருஷமே அவர் நாட்டுலயே டிக்ரே பகுதில போர். மியான்மர்ல ஆங் சான் சூச்சி வேற ரகம். 1991ல அவங்க வீட்டுக்காவல்ல இருந்தாங்க, அப்ப குடுத்தது சரிதான், இன்னிக்கும் அதத்தான் சொல்வேன். அதிகாரத்துக்கு வந்தப்பறம் ராணுவம் வெரட்டியடிச்ச ரோஹிங்கியா முஸ்லிம்கள் வெசயத்துல ராணுவத்துக்காக 2019ல சர்வதேச நீதிமன்றத்துல போய் வாதாடுனது மன்னிக்க முடியாதது. 2021ல அதே ராணுவம் அவங்களயே திரும்ப உள்ள தள்ளுச்சு.

2024ல ஜப்பானோட நிஹான் ஹிடான்கியோவுக்குக் குடுத்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், கோவமும்தான். ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுலருந்து தப்பிச்சவங்க 1956ல ஆரம்பிச்ச அமைப்பு. அறுபத்தெட்டு வருஷம் கழிச்சுப் பரிசு, தப்பிச்சவங்களோட சராசரி வயசு எம்பத்தஞ்சத் தாண்டிடுச்சு. சேதி கேட்டதும் அமைப்போட இணைத் தலைவர் தோஷியுகி மிமாகி கனவா நெசமான்னு தன் கன்னத்தக் கிள்ளிப் பாத்தாரு. ஓஸ்லோல பேசுனவரு தெருமி தனாகா, தொண்ணூத்தி ரெண்டு வயசு. நாகசாகில குண்டு விழுந்தப்ப பதிமூணு வயசுப் பையன், சொந்தத்துல அஞ்சு பேர இழந்தவரு. எழுதி வச்சதப் படிச்சிட்டே வந்தவரு நடுவுல நிறுத்தி, செத்துப் போனவங்களுக்கு ஜப்பான் அரசு நஷ்டஈடே தரலங்கறத இன்னொரு தடவ சொல்றேன்னு அழுத்திச் சொன்னாரு. பரிசு மேடையில நின்னுக்கிட்டு சொந்த அரசப் பாத்துக் கேட்ட அந்த ஒரு எடம்தான் எனக்கு அந்த விழாவே.

அணு ஆயுதத் தட ஒப்பந்தத்துக்கு 2017ல 122 நாடு ஓட்டு போட்டுச்சு, அதுக்காக உழைச்ச ஐகேன் அமைப்புக்கு அந்த வருஷமே நோபல். அந்த ஒப்பந்தத்துல ஜப்பான் சேரல. பரிசு குடுக்கற நார்வேயும் சேரல. கண்ணிவெடித் தடைக்கு 1997ல பரிசு குடுத்தோம்னு பெருமைப்பட்டாங்க, 2025ல போலந்து, ஃபின்லாந்து, மூணு பால்டிக் நாடுகள்னு அஞ்சு நாடு அந்த ஒப்பந்தத்துலருந்து வெலகறோம்னு முடிவெடுத்தாச்சு. ரஷ்யாவ நெனச்சு அவங்களுக்கு இருக்கற பயம் புரியுது. ஆனா கால இழந்தவங்க வருஷக்கணக்கா நாடு நாடா போய்ப் பேசி வாங்குன ஒப்பந்தம் அது.

என்கிட்ட ஒரே ஒரு யோசனதான் இருக்கு. ஓஸ்லோ, ஸ்ட்ராஸ்பர்க், ஸ்டாக்ஹோம், ஜெனீவா எங்க விழா நடந்தாலும், புதுசா வாங்கறவர் பேரச் சொல்றதுக்கு முன்னாடி, இதே விருத வாங்கிட்டு இன்னும் உள்ள இருக்கறவங்க பேர வாசிக்கணும். 2016ல மார்ட்டின் என்னல்ஸ், 2019ல சாகரோவ் வாங்குன உய்குர் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்தி, 2014லருந்து ஆயுள் தண்டனைல. அகமது மன்சூர். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எத்தன வருஷம், எந்த அரசு, கடைசியா குடும்பம் எப்ப பாத்துச்சுன்னு. அந்த நாட்டுத் தூதர் முன் வரிசையில ஒக்காந்திருந்தா அவர் காதுபடவே வாசிக்கட்டும். பியாலியாட்ஸ்கிய 2025 டிசம்பர்ல விட்டாங்க, அப்படி விட்டா அந்தப் பேர அடுத்த வருஷம் பட்டியல்லருந்து எடுத்துடலாம்.

இதுக்குக் கூடுதலா ஒரு காசும் செலவாகாது, விழாவுல ஒரு பத்து நிமிஷம் போதும்.